காப்புக் கட்டும் நாளில் ஒரு காய்கறித் தட்டு

போகியன்று மாலை எங்கள் ஊர்ப் பக்கம் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டி, வாசல் இறவாரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் காட்டிலும் செருகிவிட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிடும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் அதற்குள் கச்சாயத் தூக்கைப் பாதி காலி செய்திருப்பார்கள். கச்சாயத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் மூன்று நாளும் எண்ணெய்ப் பலகாரமே என்றால் நான்காம் நாள் யாருக்காவது வயிறு சரியில்லாமல் போகிறது. அதனால் சென்ற பொங்கலுக்கு அந்தக் காப்புப் பிடியையே காய்கறியில் செய்து பார்த்தேன். முள்ளங்கியில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும், வெள்ளரித் தோலில் வேப்பிலை. தட்டைப் பார்த்த அமுச்சி (அம்மாவின் அம்மா), "ஏன் கண்ணு, இது சாமிக்கு வைப்பதா, சாப்பிடுவதா?" என்று கேட்டார்.

சாப்பிடத்தான். கல்யாண மண்டப வாசலில் தர்பூசணியில் மயில் செதுக்கி வைப்பார்களே, அது வேறு கலை. அதை யாரும் தொடுவதில்லை, மறுநாள் குப்பைக்குப் போகிறது. இங்கே ஒவ்வொரு துண்டும் ஒரு வாய்க்கு அடங்க வேண்டும். பல்குச்சி குத்தி ஒட்டவைக்கும் வேலையும் வேண்டாம், குழந்தைகள் அவசரத்தில் குச்சியோடு கடித்துவிடுவார்கள்.

வாங்க வேண்டியவை

ஆறு பேருக்கு: கேரட் 3, வெள்ளை முள்ளங்கி 2, வெள்ளரி 2, நடுத்தரச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 3, நூல்கோல் 2. விலையைவிட வடிவத்தைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே பருமனாக, நேராக இருக்கும் கேரட்தான் செதுக்க வசதி. நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் கேரட் நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும். உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் பொறுக்கி எடுக்க விடுவார்கள். வளைத்தால் வளையும் கேரட்டை வைத்துவிடுங்கள், படக்கென்று ஒடிய வேண்டும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விரல் நீள அலகுள்ள சின்னக் கத்தி, தோல் சீவி, ஒரு கரண்டி, பலகை. அரிவாள்மனையில் அம்மா வெண்டைக்காயைக் கண்ணை மூடிக்கொண்டு நறுக்குவார், ஆனாலும் இந்த வேலைக்கு அது ஒத்துவராது. கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தியைத்தான் அழுத்திப் பிடிக்க நேர்கிறது, அழுத்தும்போதுதான் வழுக்குகிறது. பலகைக்கு அடியில் ஈரத் துணியை விரித்தால் நகராது. காய்களை நறுக்குவதற்கு முன்பே நன்றாகக் கழுவிவிடுங்கள்.

முதலில் கேரட்டில் கை பழகுங்கள்

ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழ். இதை நினைவில் வையுங்கள், வேலையே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

தோல் சீவிய கேரட்டின் பருத்த பகுதியில் 6 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் படுக்கவைத்து, கத்தியைச் சாய்த்து நீளவாக்கில் ஒரு கோடு இழுங்கள். ஆழம் 3 மி.மீ. போதும். பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்து, அதே கோட்டின் அடியைத் தொடும்படி இன்னொரு கோடு. இடையில் இருக்கும் மெல்லிய குச்சி தானாகக் கழன்று வரும், ஒரு பள்ளம் கிடைக்கும். இப்படி ஐந்து பள்ளங்கள்.

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். ஐந்து என்று தொடங்கி நான்கிலோ ஆறிலோ முடிப்பார்கள். எனக்கு உதவிய வழியைச் சொல்கிறேன். வெட்டிய முகத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பள்ளம் பன்னிரண்டில். அடுத்தது இரண்டரைக்குச் சற்று முன். பிறகு ஐந்துக்கு ஒரு மயிரிழை முன், ஏழைத் தாண்டியதும், கடைசியாக ஒன்பதரையில். கத்தி நுனியால் இந்த ஐந்து இடங்களிலும் முதலில் ஒரு கீறல் வைத்துவிட்டுப் பிறகு நீளமாக இழுத்தால் கணக்குத் தவறாது.

இனி குறுக்கே 4 மி.மீ. கனத்தில் வில்லைகளாக நறுக்கினால் ஒரு துண்டிலிருந்து பன்னிரண்டு பூவுக்குக் குறையாது. அதைவிட மெலிந்தால் சட்னியில் தோய்க்கும்போது துவளும். தடித்தால் பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒளித்துவைப்பார்கள்.

கேரட்டில் கை படிந்ததும் முள்ளங்கியில் இதையே செய்யுங்கள். ஒரு கப் சூடான தண்ணீரில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கரைத்து, வெள்ளைப் பூக்களை ஐந்து நிமிடம் போட்டு எடுத்து அலசினால் அசல் ஆவாரம்பூ மஞ்சள் வந்துவிடும். ஈரோட்டு மஞ்சள் என்றால் இன்னும் குறைவாகவே போடலாம். சுண்ணாம்பு பட்ட கிண்ணத்தை மட்டும் எடுக்காதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தட்டுச் சிவப்புதான் கிடைக்கும்.

பூளைப்பூ

விரல் பருமனுக்கு ஒல்லியான முள்ளங்கியில் 4 செ.மீ. துண்டு வெட்டிப் பலகையில் நிற்கவையுங்கள். அதன் இருபுறமும் ஒரே கனமுள்ள இரண்டு மரக்கரண்டிகளின் காம்புகளைப் படுக்கவையுங்கள். இப்போது மேலிருந்து கீழாக 2 மி.மீ. இடைவெளியில் வெட்டிக்கொண்டே போனால் கத்தி காம்பில் முட்டி நின்றுவிடும், அடிப்பகுதி அறுபடாது. துண்டைக் கால் வட்டம் திருப்பி மறுபடியும் அதேபோல வெட்டுங்கள். தூரிகை மாதிரி ஆகும்.

அதைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கவிடுங்கள். வெட்டிய இழைகள் தண்ணீரை உறிஞ்சி விறைத்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். பூ மலர்வதைப் பார்க்கவே பிள்ளைகள் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் பூளைப்பூவைவிடச் சாமந்திக்குத்தான் சாயல் அதிகம். யாரும் குறை சொல்லவில்லை.

இங்கே உப்புப் போடவே கூடாது. உப்பு எதிர்வேலை செய்யும்: உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து இழைகளைத் தொய்ய வைக்கும். முதல் முறை சுவைக்காகத் தண்ணீரில் ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு கரண்டி போட்டுவிட்டேன். ஒன்றுகூட விரியவில்லை.

வேப்பிலை

வெள்ளரியின் பக்கவாட்டில் தோலோடு அரை செ.மீ. கனத்துக்குப் பட்டையாகச் சீவி, கண் வடிவத்தில் வெட்டுங்கள். தோலில் நடுநரம்பாக ஒரு கீற்றை எடுத்தால் அடியிலிருக்கும் வெளிர் நிறம் தெரியும். விளிம்பில் சின்னச் சின்ன முக்கோணங்களை நறுக்கினால் வேப்பிலையின் பல் வந்துவிடும். வெட்டும் முன் காம்புப் பக்கத்தில் ஒரு துணுக்கைக் கடித்துப் பாருங்கள். சில வெள்ளரி கசக்கும், கசந்தால் அந்தக் காயை ஒதுக்கிவிடுங்கள். இலையின் வடிவத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும், இருந்தாலும் வேண்டாம்.

காளை

சர்க்கரைவள்ளியை முந்தைய நாளே ஆவியில் வேகவைத்து, முழுதாக ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கத்தி இறங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. ஓர் இரவு குளிர்ந்த கிழங்கு இறுகி, வில்லை போடும்போது உதிராமல் நிற்கும். காகிதத்தில் மாட்டுத் தலையை வரைந்து வெட்டி, 1 செ.மீ. வில்லையின் மேல் வைத்துச் சுற்றி நறுக்கலாம்.

காங்கேயம் காளைக்குக் கொம்புதானே அழகு? நான் கொம்பையும் கிழங்கிலேயே வெட்டினேன், எடுக்கும்போதே ஒடிந்தது. மூன்று தலைகள் மொட்டையானதும் அவற்றை மேச்சேரி ஆடு என்று அறிவித்துவிட்டேன். மேச்சேரி ஆட்டுக்குக் கொம்பு கிடையாது, நிறமும் ஏறக்குறைய அதே செம்பழுப்பு. பிறகுதான் யோசனை வந்தது. கேரட்டைத் தோல் சீவியால் மெல்லிய பட்டைகளாக இழுத்துப் பிறை வடிவில் வெட்டி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். பூளைப்பூவைக் கெடுத்த அதே உப்பு இங்கே உதவுகிறது. தலையில் இரண்டு கீறல் போட்டுச் செருகிவிட்டால் செவலைக் காளை தயார். கண்ணுக்கு இரண்டு மிளகு வைக்கலாம், சின்னக் குழந்தைகள் இருந்தால் கறுப்பு எள் போதும்.

தொட்டுக்கொள்ள

நூல்கோலை மேலே சீவி, கரண்டியால் குடைந்து, கிண்ணமாக்கி ஐந்து நிமிடம் ஆவியில் காட்டுங்கள். பட்டிப் பொங்கலன்று மாடு மிதிக்கச் செய்யும் தெப்பக்குளம் மாதிரி தட்டின் நடுவில் வைக்கலாம். உள்ளே நிலக்கடலைச் சட்னி: வறுத்துத் தோல் நீக்கிய கடலை அரை கப், வரமிளகாய் 2, பூண்டு 2 பல், கொஞ்சம் புளி, உப்பு. தண்ணீர் குறைவாக விட்டுக் கெட்டியாக அரைத்து, இரண்டு கரண்டி கட்டித் தயிர் கலந்தால் காரம் தணியும். கடலையில் இருக்கும் எண்ணெய்ப் பசை, கேரட்டின் சத்தை உடல் எடுத்துக்கொள்ளவும் உதவும்.

பூக்களையும் இலைகளையும் முந்தைய இரவே வெட்டித் தண்ணீரில் மூழ்கவைத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். மூடாவிட்டால் மறுநாள் பாலெல்லாம் முள்ளங்கி வாசம் அடிக்கும். மஞ்சள் பூக்களுக்குத் தனிக் கிண்ணம். பரிமாறும் முன் வடித்து, துணியில் ஒற்றி, உப்பும் எலுமிச்சைச் சாறும் அப்போதுதான். வெளியே வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தட்டு காலியாக வேண்டும்.

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கத்தி வேண்டாம். அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் கொடுத்தால் கிழங்கு வில்லையில் வட்டம் வட்டமாக வெட்டி நிலா என்பார்கள், சூரியன் என்பார்கள்.

நறுக்கியதில் மிஞ்சியதையும் எடுத்துவையுங்கள். நூல்கோலின் உள்சதையும் கேரட் குச்சிகளும் பொரியலுக்கு, முள்ளங்கி ஓரங்கள் சாம்பாருக்கு. எங்கள் வீட்டில் வெள்ளரிச் சீவலும் ஒடிந்த கொம்புகளும் பட்டிக்குப் போயின. மயிலைப் பசு கேரட்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, முள்ளங்கியை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது.