பிள்ளையோட ‘ஆ’வை அளந்து பாக்குறது எப்படி? உயிரெழுத்தும் பிட்ச்சும், ஆரம்பத்துல இருந்து

செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா கட்டுப்படாத நிலை) இருக்குற பிள்ளை பேசுனா வெளியாளுக்கு ஒரு வார்த்தை கூட புரியாம போகலாம், ஆனா அதே பிள்ளை "ஆ"ன்னு இழுத்தா அது கேள்வியா, கோவமான்னு அம்மாவுக்கு டக்குனு தெரிஞ்சிடும். ஏன்னா அந்த ஒத்தை உயிரெழுத்துல பிள்ளை நிஜமாவே ஏதோ பண்ணுது. ஆராய்ச்சியாளர் ரூபல் பட்டேல் 2002ல வெளியிட்ட ஆய்வுல, செரிப்ரல் பால்சியால பேச்சு ரொம்பவே பாதிச்ச பெரியவங்க கூட கேள்வியையும் சாதாரண வாக்கியத்தையும் குரல்ல வேற வேறயா காட்டுறாங்கன்னு தெரிஞ்சுது. பிள்ளைக்கு என்ன வரலன்னு மட்டுமே எழுதி வைக்கிற ரிப்போர்ட்டுக்கு நடுவுல, என்ன வருதுன்னும் யாராவது அளக்கணும், அதுக்குத்தான் இந்த பதிவு.

பேச்சு பாதிப்புல ரெண்டு வகையை மட்டும் தெரிஞ்சுக்கோங்க. டிஸார்த்ரியான்னா பேசுற தசையிலயே பலவீனமோ இறுக்கமோ இருக்குறது. ஏப்ராக்ஸியான்னா தசையில அப்படி பலவீனம் இருக்கணும்னு இல்ல, எந்த அசைவை எப்ப பண்ணணும்னு மூளை போடுற திட்டம் தடுமாறுது, அதனால ஒரே வார்த்தையை மூணு தடவை சொன்னா மூணு விதமா வரும், உயிரெழுத்து கூட மாறிடும். உங்க பிள்ளைக்கு எதுன்னு ஸ்பீச் தெரபிஸ்ட் தான் சொல்லணும், இந்த நம்பரை வச்சு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க.

ஸ்டெப் 1: ரெக்கார்டிங்

ஃபேனை ஆஃப் பண்ணுங்க. பிள்ளையோட முதுகுக்கும் பாதத்துக்கும் சப்போர்ட் குடுத்து உக்கார வைங்க, உடம்பு சரிஞ்சா மூச்சு பத்தாது, குரலும் மாறிடும். மைக் வாயில இருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல, ஒவ்வொரு தடவையும் அதே தூரத்துல இருக்கட்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேணாம், அது சத்தத்தை சுருக்கிடும், வேவ் (.wav) ஃபைலா சேவ் பண்ணுங்க. ஆ, ஈ, ஊ மூணும் மும்மூணு தடவை, அப்புறம் பல்–பால், முடி–மூடி, எடு–ஏடு மாதிரி ஜோடி. பிள்ளை சோர்ந்துட்டா அன்னைக்கு அவ்ளோதான், மீதி நாளைக்கு.

ஸ்டெப் 2: ப்ராட்

ஆம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டில பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் பண்ண இலவச சாஃப்ட்வேர் இது, டச்சுல ப்ராட்னா ‘பேசு’ன்னு அர்த்தம். ஃபைலை ஓப்பன் பண்ணி வியூ அன்ட் எடிட் குடுத்தா மேல ஒலியோட அலை, கீழ ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ல எவ்ளோ சத்தம்னு காட்டுற படம்) வரும்.

ஸ்டெப் 3: நீளம்

இலக்கணத்துல குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு. நம்ம மொழியில நீளம் மாறுனா அர்த்தமே மாறிடும், அதனால தமிழ் பேசுற பிள்ளைக்கு இதைத்தான் மொதல்ல பாக்கணும்ங்கிறது என் கருத்து. பல், பால் ரெண்டுலயும் உயிர் ஒலிக்குற பகுதியை மட்டும் செலக்ட் பண்ணா எத்தனை செகண்டுன்னு காட்டும். மெதுவா பேசுற பிள்ளைக்கு ரெண்டுமே நீளமாத்தான் வரும், பரவால்ல, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இருக்கான்னு பாருங்க.

ஸ்டெப் 4: பிட்ச்

குரல்நாண் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதோ அதுதான், ஹெர்ட்ஸ்ல வரும். ஆம்பளைக்கு 120 கிட்ட, பொம்பளைக்கு 200 கிட்ட, சின்ன பிள்ளைக்கு 250–300. பிட்ச் செட்டிங்ஸ்ல 150ல இருந்து 600 வரை வைங்க. கோடு 300ல ஓடிட்டு இருந்து திடீர்னு 150க்கு விழுந்தா அது பெரும்பாலும் சாஃப்ட்வேர் பண்ற தப்பு, காதுல கேட்டு சரி பாத்துக்கோங்க.

இப்ப "சாப்டாச்சு?" "சாப்டாச்சு." ரெண்டையும் சொல்ல வைங்க, வார்த்தை வரலன்னா வெறும் "ஆ?" "ஆ." போதும். "சாப்டாச்சா" வேணாம், அந்த கடைசி ‘ஆ’வே கேள்வியாக்கிடும், குரல் ஏறவே தேவையில்லாம போயிடும். உச்சத்துல கர்சரை வச்சு எஃப்5 அழுத்துனா நம்பர் வரும். 240ல இருந்து 320 போச்சுன்னா சுமார் 5 செமிடோன் (பாட்டுல ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவுல இருக்குற சின்ன படி), அதே 80 ஹெர்ட்ஸ் அப்பா குரல் 120ல இருந்து 200க்கு ஏறுனா கிட்டத்தட்ட 9, அதனால வெறும் ஹெர்ட்ஸை வச்சு ரெண்டு பேரை ஒப்பிடாதீங்க.

ஸ்டெப் 5: ஃபார்மன்ட்

இது கொஞ்சம் கஷ்டம். ஃபார்மன்ட்னா தொண்டையும் வாயும் இருக்குற வடிவத்தால சத்தம் தூக்கலா வர்ற அதிர்வெண். வாய் எவ்ளோ திறக்குதுன்னு முதல் ஃபார்மன்ட்ல தெரியும், நாக்கு முன்னாடியா பின்னாடியான்னு ரெண்டாவதுல தெரியும். பிள்ளைக்கு தொண்டையும் வாயும் சின்னது, அதனால ஃபார்மன்ட் செட்டிங்ஸ்ல சீலிங்கை (தேடுற மேல் எல்லை) 5500 ஹெர்ட்ஸ்ல இருந்து ஏத்தி 8000 வரை வச்சு பாருங்க. உயிரோட நடுப்பகுதியை செலக்ட் பண்ணி எஃப்1, எஃப்2 பட்டனை அழுத்தணும். 1952ல பீட்டர்சனும் பார்னியும் அமெரிக்க பிள்ளைங்ககிட்ட எடுத்த அளவுல ‘ஈ’க்கு முதல் ஃபார்மன்ட் 370, ரெண்டாவது 3200ன்னு வந்துச்சு, தமிழுக்கு அப்படியே பொருந்தாது, ஆனா எந்த பக்கம் இருக்கணும்னு பிடிபடும். முதல் ஃபார்மன்ட் ஒரு அச்சுல, ரெண்டாவது இன்னொரு அச்சுலன்னு ஆ, ஈ, ஊ மூணையும் கிராஃப் பேப்பர்ல புள்ளி வச்சா ஒரு முக்கோணம் வரும், டிஸார்த்ரியா பிள்ளைங்களுக்கு அது பல நேரம் சுருங்கி இருக்கும். பிட்ச் ஏறும்போது இந்த அளவு தப்பாகும், அதனால மூணு தடவைக்கும் நடு மதிப்பை எடுங்க.

ஸ்டெப் 6: இதை வச்சு என்ன பண்றது

தேதி போட்டு நோட்டுல எழுதுங்க, தெரபிஸ்ட்கிட்ட போறப்ப நம்பரோட சேத்து ஒலி ஃபைலையும் குடுங்க. முக்கோணம் சுருங்கி இருந்தும் "ஆ?" மட்டும் ஒவ்வொரு தடவையும் தெளிவா மேல ஏறுதுன்னா, அவங்களைக் கேட்டுட்டு வீட்டுல எல்லாரும் பேசி வச்சுக்கோங்க: ஏறுற ஆ வந்தா ‘வேணும்’, இறங்குற ஆ வந்தா ‘வேணாம்’. தாத்தா பாட்டி, ஸ்கூல் ஆயாம்மா வரைக்கும் சொல்லி வைங்க.