அமிலத்தில் உலோகத்தைப் போட்டால் வினை நடக்குமா? முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி

ஒவ்வொரு சமன்பாட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வினைபடுதிறன் வரிசை என்ற இந்த ஒன்று போதும், அதிகம் வினைபுரிவது முதலில், குறைவாக வினைபுரிவது கடைசியில்: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், ஹைட்ரஜன், தாமிரம், வெள்ளி, தங்கம். ஹைட்ரஜன் உலோகம் இல்லைதான், ஆனாலும் அது எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஹைட்ரஜனுக்கு மேலே, அதாவது வரிசையில் அதற்கு முன்னால், இருக்கும் உலோகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ சல்பூரிக் அமிலத்திலோ போட்டால், அது தன் எலக்ட்ரான்களை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளுக்குக் கொடுத்துவிட்டு உப்பாக மாறும், ஹைட்ரஜன் குமிழிகளாக வெளியேறும். மெக்னீசியம் பொங்கும், துத்தநாகம் நிதானமாகக் குமிழி விடும், இரும்பு இன்னும் மெதுவு, தாமிரம் சும்மா கிடக்கும். சோதனைக்குழாயின் வாயருகே எரியும் குச்சியைக் காட்டினால் 'பப்' என்று சத்தம் வரும், அதுதான் ஹைட்ரஜன். இரும்புக்குச் சமன்பாடு எழுதும்போது மட்டும் கவனம், இங்கே கிடைப்பது இரும்பு(II) உப்பு (Fe²⁺), இரும்பு(III) அல்ல. பொட்டாசியத்தையும் சோடியத்தையும் அமிலத்தில் போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்கவே வேண்டாம், வெடிக்கும்.

சரி, வரிசை ஏமாற்றும் இடங்களும் உண்டு. அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருப்பதால் முதலில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், அது கரைந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். காரீயம் ஹைட்ரஜனுக்கு மேலே இருந்தும் சல்பூரிக் அமிலத்தில் சீக்கிரமே நின்றுவிடும், ஏனென்றால் உருவாகும் காரீய சல்பேட் கரையாமல் அதன் மேலேயே படிந்துவிடுகிறது. நைட்ரிக் அமிலம் தனி ரகம்: அது ஆக்ஸிஜனேற்றியும் (எலக்ட்ரான்களைப் பறிக்கும் பொருள்) கூட என்பதால் தாமிரத்தையே கரைத்துவிடும், ஆனால் வருவது ஹைட்ரஜன் அல்ல, நைட்ரஜனின் ஆக்சைடுகள். அடர் அமிலம் என்றால் பழுப்பு நிறப் புகை, நச்சு.

உப்புக் கரைசலுக்கும் இதே வரிசைதான். தாமிர சல்பேட் கரைசலில் துத்தநாகத்தைப் போட்டால் நீலம் வெளுத்து, செம்பழுப்பாகத் தாமிரம் படியும். துத்தநாக சல்பேட்டில் தாமிரத்தைப் போட்டால் எதுவும் நடக்காது.

காரம் என்றால் பெரும்பாலான உலோகங்கள் அசையாது. அலுமினியமும் துத்தநாகமும் விதிவிலக்கு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலிலும் ஹைட்ரஜன் விடும். அதனால் ஹைட்ரஜன் வந்தது என்பதை மட்டும் வைத்து உள்ளே இருப்பது அமிலம் என்று சொல்லாதீர்கள், லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள்.

அப்புறம், அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்: கேள்வியில் இருப்பது உலோகமா, உலோக ஆக்சைடா? தாமிரம் நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் கரையாது, ஆனால் கறுப்பான தாமிர ஆக்சைடு சூடான அதே அமிலத்தில் கரைந்து நீலக் கரைசல் தரும். அது நடுநிலையாக்கல், உப்பும் தண்ணீரும் மட்டும்தான், வாயு கிடையாது. வினைபடுதிறன் வரிசைக்கு அங்கே வேலையே இல்லை. கார்பனேட்டாக இருந்தால் வாயு வரும், ஆனால் அது கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்பு நீரைப் பால் போலாக்கும்.