வால்நட் பச்சைத் தோலை சாயத்துக்கு எடுத்து வைக்கிறப்போ நடக்கிற தப்புங்க

ஆவணி கடைசி, புரட்டாசி ஆச்சுன்னா ஷான் மலையில கலோங்கிற ஊர்ல இருக்கிற எங்க அத்தை ரங்கூனுக்கு வர்ற நைட் பஸ்ல ஒரு மூட்டை வால்நட் தோல் போட்டு விடுவாங்க. பர்மாக்காரங்க திச்சாதீன்னு சொல்ற காய்தான். ஷான் மலைப் பக்கம் சின் மலைப் பக்கம் எல்லாம் மரம் இருக்கு, அங்க கொட்டையை மட்டும் எடுத்துக்கிட்டு மேல இருக்கிற பச்சைத் தோலை மரத்தடியிலேயே தள்ளிட்டுப் போயிடுவாங்க, ஆனா பழுப்பு சாயம் முழுக்க அந்தத் தோல்லதான் இருக்கு.

முதல் தடவை மூட்டை வந்தப்போ வேலை இருக்கு, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு பாலிதீன் பையோட அப்படியே மூலையில வச்சுட்டேன். அஞ்சாம் நாள் கை வச்சா பை சூடா இருக்கு, உள்ள கொழகொழன்னு ஆகி வெள்ளைப் பூசணம், புழு வேற. அத்தை கையெல்லாம் கறையாக்கி உரிச்சு அனுப்பினது, அத்தனையும் குப்பைக்குப் போச்சு, இன்னும் மனசு ஆறல. அப்ப புரிஞ்சதுதான் இது: தோல் ஒண்ணு மொறுமொறுன்னு காஞ்சிருக்கணும், இல்லன்னா முழுசா தண்ணிக்குள்ள முங்கியிருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஈரத்தோட மூட்டையில கிடந்தா போச்சு. எந்த வழின்னு வந்த அன்னைக்கே முடிவு பண்ணிடுங்க.

சில பேர் வீட்ல சாப்பிட்டுப் போட்ட கெட்டி ஓட்டை சேத்து வச்சுட்டு கலரே வரலயேன்னு கேக்கிறாங்க. அந்த ஓட்டுல சாயம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கிடையாது, வேணும்கிறது ஓட்டுக்கு மேல இருக்கிற சதைப்பத்தான தோல்.

அடுத்தது, தோல் ஒரே நாள்ல கறுத்துப் போச்சு, அழுகிடுச்சுன்னு தூக்கிப் போடறது. இதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அது அழுகல் இல்லங்க. நம்ம மருதாணி இலையில லாசோன்னு ஒரு பொருள் இருக்கு, வால்நட் தோல்ல இருக்கிறது ஜக்லோன், ரெண்டுலயும் கார்பன் அணு 10, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 3, அடுக்கி இருக்கிற விதம்தான் வேற, கூடப்பொறந்ததுங்கன்னே வச்சுக்கலாம். பச்சைத் தோலுக்குள்ள அது வேற உருவத்துல அடங்கி இருக்கும், வெட்டிக் காத்து பட்டவுடனே ஜக்லோனா மாறி கறுக்க ஆரம்பிக்கும். பச்சையா இருக்கிறப்பவே கொதிக்க வச்சா மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரிதான் வரும், நல்லா கறுத்ததுலதான் அழுத்தமான பழுப்பு. கறுப்பைப் பாத்து பயப்படாதீங்க, பூசணம் இருக்கான்னு மட்டும் பாருங்க.

காய வைக்கிறதுதான் ரங்கூன்ல பெரிய கஷ்டம். காய் வர்ற நேரம் இங்க மழை விட்டிருக்காது, ஐப்பசி வரைக்கும் இழுக்கும். முழுத் தோலை குவிச்சு வச்சா வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும். நாலா அஞ்சா பிச்சு மூங்கில் தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்பி, ஃபேன் காத்துல வைங்க, நான் ராத்திரி கரி அடுப்பு அணைஞ்சப்புறம் அந்த சூட்டுக்கு மேல தட்டைத் தூக்கி வைப்பேன். தினம் ஒரு தடவை புரட்டணும். எடுத்து மடக்கினா தோல் செருப்பு மாதிரி வளைஞ்சா இன்னும் ஆகல, டக்குன்னு ஒடியணும். அஞ்சு வீசை பச்சைத் தோல் காஞ்சா ஒரு வீசை தேறினாலே பெருசு, அவ்வளவும் தண்ணி. (வீசைங்கறது நம்ம தமிழ் வார்த்தை, அதுல இருந்துதான் இங்கிலீஷ்காரங்க விஸ்னு எழுதினாங்க, இங்க மார்க்கெட்ல இன்னும் ஒரு வீசைன்னா 1.63 கிலோன்னு கணக்கு ஓடுது, எனக்கு அதுல ஒரு சந்தோஷம்.) முடிஞ்சா மலையிலேயே காய வச்சு அனுப்பச் சொல்லுங்க, பஸ் கூலியும் மிச்சம்.

காஞ்சதை உடனே பவுடர் பண்ணி வைக்காதீங்க. பவுடர் இந்த ஊர் ஈரத்தை சீக்கிரம் இழுத்து கட்டி கட்டியாயிடும். துண்டாவே மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல இல்ல கண்ணாடி ஜாடியில போட்டு வச்சு, தேவைப்படும்போது இடிச்சுக்கலாம், மூக்கை மூடிக்கிட்டு இடிங்க, சாப்பாட்டு மிக்ஸியில வேண்டவே வேண்டாம். காஞ்ச தோல்ல உள்ள பூசணம் தெரிஞ்சா இடிக்காம தூக்கிப் போட்டுடுங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

காய வைக்க இடமில்லாதவங்களுக்கு தண்ணி வாளிதான் நல்லது. தோலை வலைப் பையில போட்டு மேல ஒரு கண்ணாடி பாட்டில்ல தண்ணி நிரப்பி பாரமா வச்சு முழுசா முங்க விடணும், ஒரு துண்டு மேல மிதந்தாலும் பூசணம் அங்கதான் ஆரம்பிக்கும். வாளிக்கு இறுக்கமா மூடி போடறது பெரிய தப்பு, உள்ள புளிச்சு கேஸ் வரும், மூடி தெறிச்சு சுவரெல்லாம் கறை, அந்தக் கறை போகவே போகாது. அதுக்காக தொறந்தும் போடாதீங்க, டெங்கு கொசு முட்டை வைக்க இந்த ஊர்ல நின்ன தண்ணி போதும். நெருக்கமான துணியை ரெண்டு மடிப்பா போட்டு கயிறு கட்டுங்க, கேஸ் போகும், கொசு நுழையாது. மேல வெள்ளையா ஆடை கட்டினா கரண்டியால வழிச்சு எடுத்துட்டா போதும், கீழ இருக்கிற சாயம் நல்லாத்தான் இருக்கும். வாடை அடிக்கும், அதனால பின்கட்டுல வைங்க. பல மாசம் தாங்கும், ஆக ஆக கலர் அழுத்தமாகும்.

பிஸ்கட் டின், எண்ணெய் டின், துரு பிடிச்ச ட்ரம் எதுலயும் வைக்காதீங்க. தோல்ல துவர்ப்பு ஜாஸ்தி, இரும்பு பட்டா அந்தத் துவர்ப்பு கறுப்பாயிடும், அமரபுராவுல இருந்து வாங்கின நல்ல பட்டு நூலை அதுல போட்டா சாம்பல் கலந்த கறுப்புதான் வரும், பழுப்பைத் திரும்ப எடுக்க முடியாது. கறுப்பே வேணும்னா சாயம் போடற அன்னைக்கு இரும்பு சேத்துக்கலாம், சேத்து வைக்கிற பாத்திரத்துல வேண்டாம். பாரம் வைக்க செம்மண் கல்லு எடுக்கிறவங்களுக்கும் இதேதான், அதுலயும் இரும்பு இருக்கு.

ஃப்ரீசர்ல வைக்கலாமான்னா, வைக்கலாம், ஆனா இப்ப இருக்கிற கரண்ட் கட்டுல பாதி உருகி பாதி உறைஞ்சு அதே நடு நிலைமைக்கு வந்துடும். உருகிடுச்சுன்னா அன்னைக்கே தண்ணி வாளிக்கு மாத்துங்க.

உரிக்கிறப்போ கையுறை போடுங்க, கறை ரெண்டு வாரம் போகாது, சில பேருக்கு தோல் புண்ணாகும், கொட்டை அலர்ஜி இருக்கிறவங்க கிட்டயே வராதீங்க.

சாயம் எடுத்த சக்கையை தக்காளி, மிளகா, கத்திரிச் செடிக்குப் போடாதீங்க, ஜக்லோன் அதுங்களை வாட வச்சிடும். குளத்துலயும் கொட்டக் கூடாது, மீன் மயங்கி மிதக்கும், அந்தக் காலத்துல பல ஊர்ல மீன் பிடிக்கவே இதை யூஸ் பண்ணியிருக்காங்க. பூசணம் பிடிச்ச தோலை தெரு நாய் தின்னா உடம்பு உதறல் எடுத்து செத்தே போகலாம், இங்க நம்ம தெருவுல எத்தனை நாய் இருக்குன்னு தெரியும்ல, அதனால பையில இறுக்கிக் கட்டி நாய் இழுக்க முடியாத குப்பைத் தொட்டியில போடுங்க.