ஹேண்ட்ஓவர் முடிந்தது, 30 படுக்கை: முதலில் யாரிடம் போவது?

நைட் டியூட்டி. பகல் சிஸ்டர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மெடிக்கல் வார்டில் 30 பேர். ஒருவருக்கு டிரிப்ஸ் ஏறவில்லை. ஒருவருடைய அட்டெண்டர் நாளைக்கு டிஸ்சார்ஜ் உண்டா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார். பதினோராம் பெட்காரர் கால் வலியில் கத்துகிறார். படிக்கும்போது ஏ, பி, சி (மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்) என்று ஒப்பித்தோம். பரீட்சையில் நாலு நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்டார்கள், சரியாக டிக் அடித்தோம். வார்டில் அந்த நாலு பேரை யாரும் பொறுக்கியெடுத்துத் தருவதில்லை. 30 பேரில் அவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி இரவு போய்விடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். பி.பி. பார்ப்பது, கேனுலா போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்ன வேண்டும்

நொடி முள் உள்ள கைக்கடிகாரம், மடித்த ஏ4 தாள், ஒரு பேனா. அவ்வளவுதான். ஆப் எல்லாம் வேண்டாம். வார்டு நடுவில் சிஸ்டர் போனைத் தடவிக்கொண்டு நின்றால் அட்டெண்டர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பி.பி.க்கு நான் கையால் ஊதும் கருவியைத்தான் நம்புவேன். பி.பி. ரொம்ப இறங்கியவரிடமும் நாடி தாறுமாறாக ஓடுபவரிடமும் மெஷின் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். கை சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும், கருத்த தோலில் சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும்.

ஸ்டெப் 1: தாளில் நாலு கட்டம்

பெட் நம்பர், எதற்காக வந்தார், இன்று இரவு என்ன கெடலாம், அடுத்து எப்போது பார்க்க வேண்டும். மூன்றாவது கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். இன்சுலின் போட்டவரா, சுகர் இறங்கலாம். பக்கவாதமா, சாப்பிடும்போது புரையேறலாம். வாந்தி பேதியா, யூரின் நிற்கலாம். "ஸ்டேபிள்" என்று சொல்லி ஒப்படைத்தாலும் காலையில் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டு இரண்டையும் எழுதுங்கள்.

ஸ்டெப் 2: கண் ரவுண்டு

ஐந்து நிமிடம். கையில் எந்த வேலையும் எடுக்காமல் கடைசி பெட் வரை ஒரு நடை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "சாப்பிட்டீங்களா?" முழு வாக்கியமாகப் பதில் வந்தால் மூச்சுப் பாதை, மூச்சு, நினைவு மூன்றுக்கும் ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், அல்லது "ம்" என்று மட்டும் வந்தால், தாளில் ஒரு நட்சத்திரம்.

முதல் பெட்டில் டிரிப்ஸ் நின்றிருக்கும். சரி பண்ணிவிட்டுப் போகலாம் என்று கை பரபரக்கும். நிற்காதீர்கள். அங்கே நின்றால் இருபதாம் பெட்டை ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்ப்பீர்கள்.

ஸ்டெப் 3: மூச்சை எண்ணுங்கள், நிஜமாகவே எண்ணுங்கள்

எந்த வார்டிலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். 30 பேருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மூன்றாம் பெட்டில் டெங்கு, ஐந்தாம் நாள், காலேஜ் பையன். "காய்ச்சல் விட்டாச்சு, நல்லா இருக்கான்" என்று ஒப்படைத்தார்கள். நான் நேராகக் கத்துகிற பதினோராம் பெட்டுக்குப் போய் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன். பிறகு பையனிடம் வந்தேன். முழித்திருந்தான், பேசினான், தண்ணீர் கேட்டான். பி.பி. 100/84. 100 இருக்கிறதே என்று மனசு ஆறிப்போய், மூச்சுக்கு வழக்கம்போல் 20 போட்டேன். அந்தப் பக்கமாகப் போன சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"கீழ எவ்வளவு?"

"84, அக்கா."

"மேல 100, கீழ 84. நடுவுல எவ்வளவு இருக்கு?"

16. அப்போதுதான் கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. மூச்சை எண்ணினால் 28. பல்ஸ் 118. காலையில் 39 இருந்த பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசிந்தால் ஏறும்) 48 என்று வந்தது. சலைன் வேகமாக ஏற்றி அவசரப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசிய ஆரம்பிக்கும். உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கிப்பிடித்துச் சமாளிக்கும். அதனால் மேல் எண் கொஞ்ச நேரம் தாங்கும், கீழ் எண் ஏறும். இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். அந்தத் தெளிவுதான் என்னை ஏமாற்றியது.

வீட்டுக்கு வந்து ஸ்கோர் போட்டுப் பார்த்தேன். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய நியூஸ் 2 என்ற கணக்கு அது; மூச்சு, பல்ஸ், பி.பி. போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆள் எவ்வளவு மோசம் என்று சொல்லும். அதில் மூச்சு 28க்கு 3, பல்ஸ் 118க்கு 2, மேல் பி.பி. 100க்கு 2. மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 7. ஏழு என்றால் உடனே பெரிய டாக்டர்கள் வர வேண்டிய அவசரம். நான் எழுதிய 20ஐ வைத்துக் கூட்டினால் வெறும் 4, சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும் என்கிற கணக்கு. பொய்யாகப் போட்ட ஒரு எண் மூன்று மதிப்பெண்ணைச் சாப்பிட்டுவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த ஸ்கோரில் கீழ் பி.பி.க்கு இடமே கிடையாது. டெங்கு சீசனில் இடைவெளியைத் தனியாகக் கழித்து எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணும் விதம்: பல்ஸ் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சைப் பாருங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சே மாறிவிடும். முழுசாக 60 நொடி. 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒன்று தப்பினாலே நாலு தப்பும்.

ஸ்டெப் 4: வரிசை போடுவது

இப்போதே, அரை மணிக்குள், காத்திருக்கலாம். மூன்றே பிரிவு.

இரண்டு பேர் "இப்போதே"வில் வந்தால்? மூன்றாம் பெட் பையனுக்கு ஷாக், ஏழாம் பெட் அம்மா இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வேர்த்துப்போய் உளறுகிறார் என்று வையுங்கள். பையனுக்காக ஒரு ஆளை டாக்டரிடம் ஓடவிட்டு, நான் ஏழாம் பெட்டுக்கு குளுக்கோமீட்டரோடு போவேன். ஒரு நிமிட வேலை, விட்டால் மூளைக்கு ஆபத்து. சுகர் 70க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அவருக்கு நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் மருந்து)தான். கரைக்கும் வேலையை அட்டெண்டரிடம் கொடுங்கள். குடிக்க வைக்கலாமா என்ற முடிவை மட்டும் கொடுக்காதீர்கள்.

கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, அதனால் காத்திருக்கலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். பாதிதான் சரி. காலில் வீக்கம் கொஞ்சமாக இருந்து வலி மட்டும் அளவுக்கு மீறி இருந்தால் உள்ளே சதை அழுகிக்கொண்டிருக்கலாம். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

ஸ்டெப் 5: டாக்டரைக் கூப்பிடுவது

"சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால், "சரி, பாத்துக்குங்க" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், மெடிக்கல் வார்டு சிஸ்டர். மூணாம் பெட், டெங்கு அஞ்சாம் நாள், காலையிலதான் காய்ச்சல் விட்டுச்சு. பி.பி. 100/84, பல்ஸ் 118, மூச்சு 28, கை சில்லுனு இருக்கு. ஷாக்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பாக்கணும். அதுக்குள்ள பி.சி.வி. அனுப்பிடட்டுமா?"

நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த எஸ்-பார் முறை இதுதான். புதியவர்கள் "ஷாக்னு நினைக்கிறேன்" என்பதை முழுங்கிவிடுவார்கள், நாம் யார் சொல்ல என்று. சொல்லுங்கள். தப்பாக இருந்தால் டாக்டர் வந்து திருத்தட்டும். கூப்பிட்ட நேரத்தை கேஸ் ஷீட்டில் குறித்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒரு தங்கை, "எங்க வார்டு சி.ஓ.பி.டி. தாத்தாக்கள் எல்லாருக்கும் ஸ்கோர் எகிறுதே அக்கா" என்று எழுதியிருந்தார். சி.ஓ.பி.டி. என்றால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நான் விட்டது தப்பு. ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறது என்று டாக்டர் உறுதி செய்தவர்களுக்கு ஆக்சிஜன் அளவுக்கு வேறு பட்டியல் உண்டு: 88 முதல் 92 வரை பூஜ்யம். 88க்குக் கீழே இறங்கினாலும், ஆக்சிஜன் வைத்து 92க்கு மேலே ஏற்றினாலும் மதிப்பெண் கூடும். அவர்களுக்கு 99 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்.

இன்னொருவர் கேட்டது பி.பி. மாத்திரை பற்றி. அட்டெனலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் போனாலும் பல்ஸ் அவ்வளவாக ஏறாது. 80 என்று பார்த்து ஏமாறக்கூடாது. அவர்களிடம் மூச்சையும் கையின் குளிர்ச்சியையும் யூரின் அளவையும் பாருங்கள்.

"60 பெட்டுக்கு நான் ஒரே ஆள், கண் ரவுண்டு எப்படி முடியும்?" என்றும் கேட்டிருக்கிறார்கள். முடியாது. அந்த மாதிரி இரவுகளில் நான் மூன்றாவது கட்டத்தில் பயந்து எழுதிய பெட்களுக்கு மட்டும் முதலில் போவேன், மீதியை மருந்து வண்டி தள்ளும்போது பார்ப்பேன். ஆள் போதவில்லை என்று அந்த ஷிஃப்ட்டிலேயே ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதியும் வைப்பேன்.