எட்டுப் பக்கத்தில் மேரியன்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு நூலகத்துப் பிள்ளைகளுக்கு ஒற்றைத்தாள் புத்தகம் செய்யக் கற்றுத்தருகிறேன். ஒரு ஏ4 தாள், எட்டுப் பக்கம், ஒரு இயற்கை ஆய்வாளரின் வாழ்க்கை. செய்முறையைப் பலர் கேட்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன். உதாரணத்துக்கு, பூச்சிகளைக் கூர்ந்து பார்த்து வரைந்த மரியா சிபில்லா மேரியன். நான் அதிகமுறை வரைந்தது அவரைத்தான்.

தாளை மூன்றுமுறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் விழும். நடுமடிப்பில், நடுவிலுள்ள இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் பிளேடால் கீறுங்கள். தாளை நீளவாக்கில் மடித்து இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளினால் புத்தகமாகிவிடும். வரைவதற்கு முன் வெற்றுத்தாளில் ஒன்று செய்து, பக்க எண் போட்டு, மறுபடி விரித்துப் பாருங்கள். நான்கு பக்கங்கள் தலைகீழாக இருக்கும். இதைப் பார்க்காமல் நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்துவந்தவள் நான்.

அப்புறம், பிறந்த தேதியில் தொடங்காதீர்கள். ‘1647இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார்’ என்று ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் அடுத்த பக்கத்தைப் புரட்டாது. நான் 1699இல் ஆரம்பிக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் 52 வயதுப் பெண் ஒருவர் பயணச் செலவுக்காகத் தன் 255 ஓவியங்களை விற்கிறார். இளைய மகள் டோரதியாவை மட்டும் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறுகிறார். எதற்கு? புழு பார்க்க. அட்டைக்குப் படங்கள் கழற்றிய சுவரையும் வெறும் ஆணிகளையும் வரைந்தேன். முகம் வேண்டாம். நமக்குக் கிடைக்கும் உருவப்படம் அவருடைய முதுமையில் மருமகன் வரைந்ததை ஒட்டிய செதுக்குப்படம். அதைப் பார்த்து வரைந்தால் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்த்த சிறுமியும் பாட்டியாகிவிடுகிறாள். கைகளை வரையுங்கள், போதும்.

சரி, உள்ளே என்ன வைப்பது? இதை மேரியனிடமே கற்றுக்கொள்ளலாம். அவர் பூச்சியைத் தனியாக வரையவில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று எல்லாவற்றையும் அது தின்னும் செடியின்மேல் வைத்தார். நீங்களும் ஆளைத் தனியாக நிறுத்தாமல் அவரைத் தாங்கிய செடியோடு வரையுங்கள். சூரினாம் அன்று டச்சுக்காரர்களின் கரும்புக் காலனி. சர்க்கரையை விட்டுவிட்டு இந்த அம்மாள் வேறு எதையோ தேடுகிறாரே என்று தோட்டமுதலாளிகள் கேலிசெய்தார்கள். காட்டில் அவருக்குக் கோடரியோடு வழிவெட்டியவர்கள் அடிமைகள். நம் ஊர் வேலிகளில் பூக்கும் மயில்கொன்றையை அங்கே பார்த்து வரைந்த மேரியன், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று பெண்கள் அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்ததையும் பக்கத்திலேயே எழுதினார். பிள்ளைகள் புத்தகத்தில் இது எதற்கு என்று ஒரு தாய் என்னிடம் கோபப்பட்டார். சின்னவர்களுக்கு ‘அந்தப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அடிமைகளாக்க மறுத்தார்கள்’ என்று மட்டும் எழுதுகிறேன். பக்கத்தை எடுக்கவில்லை. ஊர் திரும்பும்போது மேரியன் ஒரு பழங்குடிப் பெண்ணையும் அழைத்துப்போனார். அவர் பெயர் பதிவாகவில்லை. பெயர் எழுதும் கோட்டை மட்டும் போட்டு வெற்றாக விட்டிருக்கிறேன்.

பக்கத்துக்கு இருபத்தைந்து சொற்களைத் தாண்டாதீர்கள். ஏ3 தாளில் வரைந்து 71 சதவீதத்துக்குக் குறைத்து நகலெடுத்தால் கை நடுக்கம் தெரியாது. ஆனால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும், 0.5 மி.மீ. பேனாவுக்குக் குறைவாக வேண்டாம்.

மேரியன் நோயோடு 1701இல் திரும்பியது, சூரினாம் பூச்சிகளைப் பற்றிய அவர் நூல் 60 படத்தகடுகளோடு 1705இல் வந்தது, 1717இல் இறந்தது மூன்றும் ஏழாம் பக்கத்தில் அடங்கிவிடும்.

எட்டாவது பக்கம் எனக்குப் பிடித்தது. கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி ஹம்மிங்பறவையைத் தின்னும் அவருடைய படம். பிறகு வந்த அறிஞர்கள் சிலர் இது கட்டுக்கதை என்றார்கள். ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் அமேசானில் அப்படியொரு சிலந்தியை நேரில் கண்டு எழுதியபின் அந்தப் பேச்சு அடங்கியது. ஆனால் அதே படத்தில் கூட்டுக்குள் நான்கு முட்டைகள் இருக்கின்றன. ஹம்மிங்பறவை வழக்கமாக இடுவது இரண்டு. பார்த்து வரையும்போது திருத்திவிடாதீர்கள், நான்கையே போடுங்கள். கீழே ‘ஹம்மிங்பறவை எத்தனை முட்டை இடும்?’ என்று மட்டும் எழுதிவிட்டு, விடையை எங்கும் அச்சடிக்காமல் விடுங்கள்.