சம்பளம் தள்ளிட்டே போகுதா? கம்பெனில பணம் இருக்கும்போதே எழுதிக் கேளுங்க

கம்பெனி தள்ளாடுது, ரெண்டு மாசமா சம்பளம் வரல, கேட்டா "பார்ட்டி பேமென்ட் வந்துரும், வந்ததும் போட்டுடறேன்"னு முதலாளி சொல்றாரு. அவரு பொய் சொல்றாருன்னே வைக்க வேணாம், ஆனா அந்தப் பணம் வர்ற அன்னிக்கு பேங்க், சப்ளையர், ஜிஎஸ்டி, வாடகைன்னு எல்லாரும் பேப்பரோட நிப்பாங்க, வாயால மட்டும் கேட்டவங்களுக்குக் கடைசில ஒண்ணும் மிஞ்சாது.

அதனால இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க. எந்தெந்த மாசம், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள்ள வேணும், அவ்ளோதான், கோவமா எழுத வேணாம். பதில் வாட்ஸ்அப்ல வந்தாலும் பத்திரம் பண்ணுங்க. ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், அட்டெண்டன்ஸ் எல்லாத்தையும் உங்க சொந்த மெயிலுக்கு மாத்திடுங்க, ஆபீஸ் ஐடிய ஒருநாள் திடீர்னு லாக் பண்ணிட்டா அப்புறம் எதையும் எடுக்க முடியாது. (கம்பெனியோட கஸ்டமர் லிஸ்ட், டிசைன் மாதிரி எதையும் எடுக்காதீங்க, அது உங்க மேலயே கேஸா திரும்பும்.)

அப்படியே பிஎஃப் பாஸ்புக்கையும் உமாங் ஆப்ல பாருங்க. ஒரு மாசப் பிஎஃப்ப அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். உங்க சம்பளத்துல பிடிச்சிட்டு கட்டாம வச்சிருந்தா அது வெறும் லேட் இல்ல, கிரிமினல் குற்றம், பிஎஃப் ஆபீஸ் ஆன்லைன் புகார்லயே போடலாம்.

சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு. 2025 நவம்பர் 21ல இருந்து ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துருச்சு, மாசச் சம்பளம் அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள வரணும், வேலைய விட்டாலும் அவங்களே தூக்கினாலும் ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும். இதுக்கு முன்னாடி இருந்த 1936 ஊதியம் வழங்கல் சட்டத்துல 24,000 ரூபாய்க்கு மேல வாங்குறவங்களுக்கு வழியில்லாம இருந்துச்சு, இப்ப அந்த வரம்பு இல்ல, மேனேஜரும் கேக்கலாம். பாக்கியக் கேட்டு மனு போட 3 வருஷம் டைம் இருக்கு, பாக்கியோட சேர்த்து அதுல பத்து மடங்கு வரைக்கும் நஷ்டஈடு தரச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு. ஆனா 3 வருஷம் இருக்குன்னு ஆற அமர இருக்காதீங்க, அதுக்குள்ள கம்பெனியே இருக்காது. மெயிலுக்குப் பதில் வரலன்னா உங்க ஏரியா தொழிலாளர் துறை ஆபீஸுக்கு நாலஞ்சு பேரா சேர்ந்து போங்க, தனியா போறவரத்தான் ஹெச்ஆர் கூப்பிட்டு மிரட்டுவாங்க. வக்கீலுக்குக் காசில்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி கிடைக்கும், பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் இதுல வருமான வரம்பே கிடையாது.

வெறுத்துப் போய் சொல்லாம நின்னுடாதீங்க, "அவனே ஓடிட்டான்"னு எழுதிடுவாங்க. ராஜினாமா பண்ணா பாக்கித் தொகைய அந்த லெட்டர்லயே எழுதுங்க. கைக்குப் பணம் வராம "எல்லாம் பெற்றுக்கொண்டேன்"னு எதுலயும் கையெழுத்துப் போடவே கூடாது.

கம்பெனி திவால் கேஸ்ல என்சிஎல்டிக்கு (கம்பெனி கேஸ்கள விசாரிக்கிற தேசியத் தீர்ப்பாயம்) போயிட்டா முதலாளிகிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல. பேப்பர்ல அறிவிப்பு வரும், அதுல சொன்ன தேதிக்குள்ள அங்க நியமிச்ச அதிகாரிகிட்ட டி ஃபார்ம்ல உங்க பாக்கியப் பதிவு பண்ணணும். கம்பெனிய வித்துப் பிரிக்கிற நிலை வந்தா தொழிலாளிகளோட கடைசி 24 மாசப் பாக்கி, அடமானம் வாங்கின பேங்கோட சரிசமமா நிக்கும், மத்த ஸ்டாஃபுக்கு 12 மாசம், அதுக்கு அடுத்த வரிசைல. பிஎஃப், கிராஜுவிட்டி நிதில இருக்கிற பணத்துல கடன்காரங்க கை வைக்க முடியாது.