பழைய அமெரிக்க ஜட்ஜின் குடும்ப வரலாறு: எங்கெல்லாம் சறுக்கும்

முன்னோரில் ஒரு ஜட்ஜ் இருந்தால் வம்சாவளி தேடுகிறவர்களுக்குக் குஷிதான், பதவியில் இருந்தவர் ஆயிற்றே, ஆவணங்கள் கொட்டிக் கிடக்கும் என்று. கொட்டித்தான் கிடக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி அவர் பார்த்த வேலையைப் பற்றியது, குடும்பத்தைப் பற்றியதல்ல, தவறுகள் தொடங்குவதும் இங்கேதான்.

வில்லியம் கூப்பரை எடுத்துக்கொள்வோம். 1754இல் பிலடெல்பியாவுக்கு அருகே பிறந்தவர், வண்டிச் சக்கரம் செய்தவர், அப்புறம் நியூயார்க்கில் ஒட்சீகோ ஏரியை ஒட்டி ஏராளமாக நிலம் வாங்கி, துண்டு போட்டு விற்று, கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரையே உண்டாக்கியவர். 1791இல் ஒட்சீகோ கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) உருவானபோது அதன் முதல் ஜட்ஜ் ஆனார், பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராகவும் இருந்தார். சட்டம் படித்தவர் கிடையாது. அந்தக் காலக் கவுண்டி ஜட்ஜுகளில் பலர் இப்படித்தான், நிலமும் செல்வாக்கும் இருந்தால் பதவி தேடி வரும். அதனால் எந்தக் கல்லூரி, எந்த வக்கீலிடம் தொழில் பழகினார் என்று தேடி நேரத்தை வீணடிக்காதீர்கள், நிலக் கணக்குகளைப் பாருங்கள்.

பத்திரங்களில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நிலம் விற்றவர் ஜட்ஜ் முன்னால் வந்து, இது நான் போட்ட கையெழுத்துதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஜட்ஜ் அதைப் பத்திரத்திலேயே எழுதிச் சான்று தருவார். ஆகவே முன்பின் தெரியாதவர்களின் பத்திரத்தில்கூட அவர் பெயர் இருக்கும். அதைப் பார்த்ததும் உறவு கொண்டாடி, இரண்டு குடும்பங்களை ஒரே வம்ச மரத்தில் ஒட்டவைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் சான்றில் உருப்படியான தகவல் வேறு இருக்கிறது: விற்றவரின் மனைவியைக் கணவர் இல்லாத இடத்தில் தனியாக விசாரித்து, கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டதைக் குறித்திருப்பார்கள். வேறெங்கும் சிக்காத ஒரு பெண்ணின் பெயர் அங்கே கிடைத்துவிடும்.

கவுண்டி எல்லைகளும் காலை வாரும். ஒட்சீகோ 1791 வரை மான்ட்கோமரி கவுண்டியில் இருந்தது, மான்ட்கோமரிக்கு 1784 வரை ட்ரையான் என்று பெயர், ட்ரையானே 1772இல் ஆல்பனியிலிருந்து பிரிந்ததுதான். ஊர் நகரவில்லை, ஆனால் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும்.

கூப்பர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வீட்டில் பிறந்தவர். குவேக்கர்கள் மாதங்களை எண்ணால் எழுதுவார்கள், 1752க்கு முன்பு ஆண்டுக் கணக்கு மார்ச்சில் தொடங்கியதால், அதற்கு முந்தைய பதிவில் முதல் மாதம் என்றால் அது மார்ச். இதை ஜனவரி என்று எடுத்துக்கொண்டால், அவருடைய பெற்றோர் தலைமுறையில் கல்யாணத்துக்கு முன்னாலேயே குழந்தை பிறந்துவிட்டதாக நீங்களே ஒரு வம்பைக் கிளப்பிவிடுவீர்கள்.

1790 முதல் 1840 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத்தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் தலைக்கணக்கு. அத்தனை பேரையும் அவர் பிள்ளைகளாக்கிவிடக் கூடாது, வேலையாட்கள் இருப்பார்கள், அண்ணன் மகன் இருப்பான். பெயர்களிலும் கவனம் வேண்டும். கூப்பரின் மகன், நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர், பிறந்தபோது வெறும் ஜேம்ஸ் கூப்பர், தாயின் குடும்பப் பெயரான ஃபெனிமோரை 1826இல்தான் சேர்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய பதிவுகளில் ஃபெனிமோர் என்று தேடினால் ஆள் அகப்படமாட்டார்.

குடும்பக் கதைகளை அப்படியே நம்பவும் வேண்டாம். 1809இல் ஆல்பனியில் கூப்பர் இறந்தது, அரசியல் எதிரி ஒருவர் பின்னாலிருந்து அடித்ததால் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் தேடியபோது இதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. பெரிய மனிதருக்குச் சாதாரணச் சாவு வந்தால் சந்ததிக்கு மனசு ஆறுவதில்லை போல.

இன்னொன்று, பலர் தெரிந்தே தாண்டிப்போவது. நியூயார்க்கின் வசதியான குடும்பங்களில் அடிமைகள் இருந்தார்கள், ஜட்ஜ் வீடுகளும் விலக்கில்லை. 1799 சட்டப்படி, அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தைகளை உரிமையாளர் ஊர் எழுத்தரிடம் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டையும், உயிலோடு வரும் சொத்துப் பட்டியலையும் பார்க்காமல் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே வரும் பெயர்களை அப்படியே குறித்துவையுங்கள், அவர்களுடைய வம்சத்தைத் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் ஒரே எழுத்துத் தடயம் அதுவாக இருக்கலாம்.